தலைகீழாக நின்று ஜன்னல் செய்த ரூட்டர்

மரவேலைக்காரனுக்குச் சோற்றில் மரத்தூள் விழாத நாளும் இல்லை, வாங்கிய இயந்திரம் சொன்னபடி கேட்ட நாளும் இல்லை. இதை அனுபவித்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு இலங்கை மலைநாட்டு டிக்கோயாவுக்குத் திரும்பியபோது, என் பெட்டியில் துணிமணியைவிடக் கனமாக இருந்தது ஒரு ரூட்டர். இரண்டு கைப்பிடி, இரண்டு ஸ்பிரிங், நடுவில் மோட்டார். பலகைமேல் வைத்து அமுக்கினால் பிட்டு என்கிற சுழலும் வெட்டுமுனை மரத்துக்குள் இறங்கி நீளப் பள்ளமாகக் காடி வெட்டும். அமுக்குவதை விட்டால் ஸ்பிரிங் மேலே தூக்கிவிடும். தேயிலைத் தோட்டத்து பெக்டரிக்குப் பக்கத்துக் கொட்டகையில், பெக்டரி கரண்டை இழுத்து, சோலைமுத்து ஆசாரியும் நானும் பட்டறை போட்டோம்.

மேசைக்கு அடியில்

முதல் பெரிய வேலை தோட்டப் பள்ளிக்கூடத்து ஜன்னல்கள். அதுவரை அங்கே சாக்குதான் தொங்கியது. மழைக்கு முன் கண்ணாடி போடாவிட்டால் மழைக்காலம் முடியும்வரை பள்ளியை மூடவேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். மூடினால் பெரிய பிள்ளைகளின் பெயரைக் கொழுந்தெடுக்கப் பதிந்துவிடுவார்கள். பதிந்த பிள்ளை பள்ளிக்குத் திரும்பி வந்ததில்லை. வேலை சொல்ல வந்த யாழ்ப்பாணத்து வாத்தியாருக்கு அந்தப் பயம்தான்.

எல்லாச் சட்டத்திலும் கண்ணாடிக்கு ஒரே ஆழத்தில் காடி வேண்டும். ஆகவே ரூட்டரைக் கவிழ்த்து மேசைக்கு அடியில் திருகினோம். பிட்டு மட்டும் ஓட்டை வழியே தலைநீட்டும்; இயந்திரம் அசையாது, பலகையைத்தான் தள்ளவேண்டும். வாத்தியார் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "உது தலைகீழா நிண்டுகொண்டு இவ்வளவு வேலை செய்யுது. என்ர பெடியள் நேரா இருந்தே ஒரு கணக்குச் செய்யிறாங்கள் இல்லை!"

பறந்துபோன பலகை

ரூட்டரைக் கையில் பிடித்து ஓட்டும்போது இடமிருந்து வலமாகப் போகவேண்டும். கவிழ்த்துவிட்டால் எல்லாம் மாறிவிடும். பலகையை வலமிருந்து இடமாகத் தள்ளவேண்டும். ஆசாரியிடம் இதைக் காலையில் சொன்னேன். தலையாட்டினார். பழகிய கை தலையைக் கேட்குமா? இடப்பக்கமிருந்து தள்ளினார். பிட்டு பலகையைப் பிடுங்கி வலப்பக்கம் எறிந்தது. அந்தப் பக்கம் வாசல். வாசலுக்கு அப்பால் தேயிலை மலை.

நல்ல வேளை, யார்மேலும் படவில்லை. கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த மாரியம்மா பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் மகள் செல்வி அந்தப் பள்ளியில்தான் ஐந்தாம் வகுப்பு. மாரியம்மா ஆசாரியின் வெளுத்த முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "ஆசாரியண்ணே, ஒங்க பலகை எங்க மலைக்கு வேலைக்கு வந்திருச்சு. கணக்கப்புள்ளகிட்ட சொல்லிப் பேரு போட்டுறவா?"

ஏறத் தெரியாதது

நேராக நிற்கும்போது மேலே தூக்கிவிடுகிற ஸ்பிரிங், கவிழ்த்ததும் எதிரியாகிவிட்டது. மோட்டாரின் கனமும் கீழே இழுக்கிறது, ஸ்பிரிங்கும் கீழே தள்ளுகிறது. பிட்டை மயிரிழை உயர்த்த இரண்டு கையும் தோளும் வேண்டும். உயர்த்தினால் மயிரிழை உயராது, விரற்கடை உயரும். அப்படி இரண்டு சட்டம் வீணாயின. பூட்டுகிற திருகோ தேய்ந்துபோய் நழுவியது. கூட வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் கவிழ்ப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

தேயிலைப் பெட்டி ஏற்றும் லாரிக்காரன் கருப்பையா பெக்டரி வாசலில் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தான். ஜாக்கியைச் சுற்றச் சுற்ற லாரி அரிசி அரிசியாக உயர்ந்தது. கெஞ்சி அதை வாங்கிவந்து மோட்டாருக்கு அடியில் நிறுத்தினேன். அப்புறம் பிட்டு நான் கேட்ட இடத்தில் நின்றது. சப்பு என்கிற செண்பக மரத்தில் விழுந்த காடியை விரலால் தடவிப் பார்த்தால், இழைப்புளி போட்டு வருஷக்கணக்காகப் பழகியவர் செய்ததுபோல் இருந்தது. ஆசாரியே இரண்டு தரம் தடவினார். கருப்பையாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "லாரியத் தூக்குன ஜாக்கிண்ணே அது! இதுக்கு அடியில குந்தவச்சா அதுக்குக் கோவம் வராதா?"

ஜாக்கி திரும்பியது

கடைசி நாலு சட்டம் பாக்கி. மலைக்குமேல் மேகம் கறுத்துவிட்டது. கருப்பையா மூச்சிரைக்க ஓடிவந்தான்: திருப்பத்தில் சக்கரம் போய்விட்டது, ஹட்டன் ஸ்டேஷனில் பெட்டி ஏற்றவேண்டிய ரயில் வந்துவிடும், ஜாக்கி வேணும், இப்பவே வேணும். எடுத்தால் பிட்டு இறங்கிவிடும். மறுபடி அதே ஆழத்துக்குக் கொண்டுவர அன்றைய பொழுது போதாது. நான் ஜாக்கியையும் மேகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

ஆசாரி ஒரு கட்டையை அறுத்து ஜாக்கிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கட்டைக்கும் மோட்டாருக்கும் நடுவே இரண்டு பக்கமிருந்தும் ஆப்பு வைத்து, நான் ஒன்றும் அவர் ஒன்றுமாக மெல்லத் தட்டினோம். பாரம் கட்டைக்கு மாறியதும் ஜாக்கி தானாகத் தளர்ந்தது. பிட்டு அசையவில்லை. கருப்பையா ஜாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான், ரயிலையும் பிடித்தான். நாலு சட்டமும் மற்றவற்றோடு அச்சாகச் சேர்ந்தன.

மழை பிடித்த மூன்றாம் நாள் பள்ளிப் பக்கம் போனேன். கண்ணாடியில் மழை அடிக்க, உள்ளே வாத்தியார் குரலும் செல்வி வாய்ப்பாடு ஒப்பிக்கும் குரலும் கேட்டன. மழைக்குப் போர்த்தும் கொங்காணியைத் தலைக்கு இழுத்துக்கொண்டு மாரியம்மா ஜன்னலுக்கு வெளியே நனைந்தபடி நின்றாள். "எம் மவ பேரு பள்ளிக்கூடத்துலயே இருக்குங்க. மலைக்கு ஒங்க பலகையே போதும்!"

மேலே வர ஒரு லாரி ஜாக்கியும் வந்த இடத்தில் நிற்க இரண்டு ஆப்பும் கேட்கிற இயந்திரத்தை நான் குறை சொல்வதில்லை, இந்த மலையில் அதைவிடக் குறைந்த துணையோடு மேலே வந்தவர் யாரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.