முனிசாமியின் ஒன்றரை முழ வீடு

சத்தியவேட்டில் எங்கள் தெருத் தச்சர் முனிசாமிக்குப் பெண்டாட்டியைப் பார்த்தால் பேச்சு வராது, பார்க்காவிட்டால் தூக்கம் வராது. அந்தப் பெண்டாட்டி கிருஷ்ணம்மா ஆறு வருஷமாகக் குவைத்தில் ஓர் அரபி வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். அவள் சம்பாத்தியத்தில் மனை வாங்கியாயிற்று. வீடு கட்டுவதுதான் பாக்கி.

"ரெண்டு மாசம் லீவுல வரேன் மாமா. கட்டப்போற ஊடு எப்பிடின்னு காட்டு. புடிச்சா இங்கியே இருந்துட்றேன். இல்லன்னா திரும்பப் போய்டுவேன்" என்று போனில் சொல்லிவிட்டாள்.

இன்ஜினியர் போட்ட பிளானில் எது கதவு, எது ஜன்னல் என்று முனிசாமிக்கே புரியவில்லை. வெறும் கோடுகளைக் காட்டிப் பெண்டாட்டியை நிறுத்த முடியுமா? மரத்தில் செய்தே காட்டிவிடுவது என்று இறங்கினார். புதிதாக வந்த கம்பெனிகளில் மெஷின் வந்திறங்கிய பெட்டிகளின் பலகையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். ஒன்றரை முழ உயரத்தில் வீடு எழுந்தது. கூரையைத் தூக்கினால் உள்ளே எல்லாம் தெரியும். சுண்டுவிரல் நீளத்தில் கட்டில். வாசற்கதவுக்குத் தாழ்ப்பாள், அது நிஜமாகவே விழும். எங்கள் வீட்டு அலமாரிக்கு இதே மனிதர் போட்ட தாழ்ப்பாள் இன்றுவரை விழுந்ததில்லை.

சமையலறையில்தான் முழு வித்தையையும் காட்டியிருந்தார். கேஸ் அடுப்பு, சிலிண்டர், ஆட்டுக்கல், நெல்மணி அளவில் கரண்டி. சமையல்காரியின் மனசு அங்கேதான் விழும் என்பது அவர் கணக்கு.

யாரும் கூப்பிடாமலே வாஸ்து பார்க்கும் ரங்கையா வந்தார்.

"காது, காது!" என்று தெலுங்கில் ‘இல்லை, இல்லை’ போட்டார். "ஈசான்ய மூலையில கக்கூஸா? பொம்ம ஊடானாலும் வாஸ்து வாஸ்துதான்பா!"

முனிசாமி பயந்துபோய்க் கக்கூஸைப் பெயர்த்து வேறு மூலையில் வைத்தார். பால் காய்ச்சாத வீட்டைப் பெண்டாட்டிக்குக் காட்டக்கூடாது என்றார் ரங்கையா. காய்ச்சினார்கள். பொங்கிய பாலில் வராந்தா ஊறி உப்பிக்கொண்டது. அப்புறம் புத்தூரிலிருந்து ஒரு திருஷ்டி பொம்மை வந்தது, வீட்டைவிடப் பெரியது. அதைக் கூரைமேல் கட்டியபோது, வீட்டைக் காக்க வந்ததா, விழுங்க வந்ததா என்று எங்களுக்கே சந்தேகம்.

கிருஷ்ணம்மா வந்தாள். பெட்டியை இறக்குவதற்குள் அவளை உட்காரவைத்துக் கூரையைத் தூக்கினார் முனிசாமி. தெருவே கூடி நின்றது. அவள் கட்டிலைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். உடனே இவர் சமையலறைப் பக்கம் விரலை நீட்டினார்.

"உனக்காவவே செஞ்சேன் மே. ஊட்லயே பெரிய ரூமு இதுதான். நாள் பூரா இங்கியே இருக்கலாம்."

அவள் சிரிப்பு நின்றது.

"அங்க ஆறு வருசமா அடுப்பாண்டதான் நின்னுகினு கீறேன். இங்க வந்தும் அதேவா? அங்கயாச்சும் சம்பளம் தராங்க."

முனிசாமியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தரையையே பார்த்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டு ஆண்களைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது.

"சமையலு நான் செய்றேன்" என்றார் முனிசாமி, தெருவே கேட்க.

"தெரியுமா உனக்கு?"

"தெரியாது. கத்துக்கிறேன்."

"அப்ப மொதல்ல ஒரு டீ போட்டுக்கினு வா."

உள்ளே பாத்திரங்கள் உருண்டன. எதுவோ தீய்ந்த வாசனை வந்தது. ஒருவழியாக டம்ளரோடு வெளியே வந்தார். கிருஷ்ணம்மா ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது. ஆனாலும் மிச்சத்தையும் குடித்து முடித்தாள்.

"இந்த டீ திருந்த ரெண்டு மாசம் பத்தாது. ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு, நான் வரலன்னு சொல்லிடு மாமா."