வெள்ளம் வரும்

எனக்குக் காலிக் குடத்தைக் கண்டால் பயம். குடிநீர்க் குழாயின் வால்வைத் திறந்து மூடுகிற அரசு ஊழியன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். முந்தைய வேலைநிறுத்தத்தில் மட்டாஞ்சேரியில் எங்கள் பகுதிக்கு மூன்று நாள் தண்ணீர் இல்லை. அங்கே ஒரு சந்தில் யாரோ எறிந்த காலிக் குடம் என் முதுகில் வந்து விழுந்தது. அதன் பிறகு அந்தச் சந்துக்குள் தலையைக் குனிந்துகொண்டுதான் நடப்பேன்.

இந்த முறை எங்கள் சங்கம் புத்தியோடு யோசித்தது. அலுவலகத்தைப் பூட்டுவோம், குழாயைப் பூட்ட வேண்டாம். ஜனங்கள் நம் பக்கம் நிற்காவிட்டால் இந்த வேலை தனியார் கைக்குப் போய்விடும். அதனால் வீடு வீடாக நோட்டீஸ். சந்தில் பாதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். "நீயல்லே தமிழன்? நீ தன்னே எழுது" என்று தமிழ் நோட்டீஸை என் தலையில் கட்டினார் சங்கச் செயலாளர்.

நான் பள்ளியில் படித்தது மலையாளம். மலையாள நோட்டீஸைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் தமிழில் எழுதினேன்: 'வேலைநிறுத்தத்தன்றும் வெள்ளம் வரும். பயப்பட வேண்டாம்.' முகம் பார்த்துக் கொடுக்கத் தைரியமில்லாமல் கதவிடுக்குகளில் செருகிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

மறுநாள் போனால், சந்தே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. பூ விற்கிற அக்கா ஒருவர் அரிசி டின்னைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வெள்ளம் வரும்னும் எழுதிட்டு, பயப்படாதீங்கன்னா எப்படிண்ணே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். நாள் முழுக்க அதையே சொல்லிப் பழகியதில் கை அப்படியே எழுதிவிட்டது. அவர் காலடியில் குடம் வேறு இருந்தது. ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"நான்தாங்க்கா தப்பா எழுதிட்டேன். தண்ணி வரும்னு சொல்ல வந்தேன்."

"வரலன்னா?"

"வரும். வால்வைத் திறக்கப் போறதே நான்தான்."

சொல்லிவிட்டேனே தவிர, அதன் பிறகு சோறு இறங்கவில்லை.

வேலைநிறுத்தத்தன்று காலை ஆறு மணிக்குச் சந்து முனையில் வால்வைத் திறந்தேன். குழாயில் வெறும் காற்று இரைந்தது. என் பேச்சும் போச்சு, சங்கத்தின் பேரும் போச்சு என்று நின்றபோது சந்துக்குள்ளேயிருந்து அலறல் கேட்டது.

"அண்ணே! வெள்ளம் வந்துருச்சு!"

பெரிய பைப் உடைந்துவிட்டதென்று குலை பதற ஓடினேன். பூக்கார அக்கா வழிகிற குடத்தோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அப்படியே குழாயடியில் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்க சங்கத்துக் கூட்டம் எங்கண்ணே?" என்றார். "இதை உள்ள வச்சிட்டு நாங்களும் வர்றோம்."