எங்க எச்சியைக் கழுவுற மெஷின்

இன்று தென்காசியில் ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் கழுவுகிற மெஷினைப் பழுது பார்த்தேன். கப்பலில் வந்தது. தெருவே வேடிக்கை பார்த்துவிட்டுப் போன மெஷின்.

"தட்டெல்லாம் வெள்ளை பூத்து வருதுலே," என்றார் வீட்டு ஆச்சி.

காரணம் கிணற்று உப்புத் தண்ணீர். உள்ளே சுண்ணாம்பாகப் படிந்திருந்தது. புளியைக் கரைத்து ஊற்றி, முழங்கை வரை கையை விட்டுச் சுரண்டினேன். "இனிமே குத்தாலத்து அருவித் தண்ணியை ஊத்துங்க ஆச்சி," என்றேன். உடனே மாட்டுவண்டி போய்ப் பீப்பாயில் கொண்டுவந்தது. தட்டு பளபளத்தது.

காப்பி வந்தது, எங்கள் ஆட்களுக்கென்று தொழுவத்துக் கூரையில் செருகி வைத்திருக்கும் அலுமினியத் தம்ளரில். குடித்துவிட்டு அதையும் மெஷினில் வைக்கப் போனேன்.

"ஏலே, அதை உள்ள வைக்காத. தீட்டு."

"இவ்வளவு நேரம் என் கை உள்ளதான ஆச்சி இருந்துச்சு?"

"அது வேலை. இது எச்சி."

"எச்சியைக் கழுவத்தான மெஷினு?"

"எங்க எச்சியை."

தம்ளரைக் கிணற்றடியில் நானே கழுவினேன். அருவித் தண்ணீர் மெஷினுக்கு மட்டும்தானாம்.

மறுபடி பழுதானால் ஆள் அனுப்புவார்களாம். கையை மட்டும் கழற்றிக் கொடுத்தனுப்பலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?