விழாமலே முளைத்த பல்

காரமடை ரோட்டில் பேக்கரி வைத்திருப்பவனுக்குப் பல் டாக்டரைப் பிடிக்குமா? எனக்கும் பிடிக்காது, அந்த அம்மாவைப் பார்க்கும்வரை.

என் சின்ன மகள் கவர்மெண்ட் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு வந்து கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் பன் தின்பாள். வகுப்பில் பாதிப் பேர் அவள் பின்னால் வருவார்கள். போன வருடம் பிள்ளைகளின் பற்களைப் பார்க்க ஒரு அரசு டாக்டர் பள்ளிக்கு வந்தார். உடனே வரச் சொல்லி டீச்சர் எனக்குப் போன் செய்தார். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு சலிப்போடுதான் போனேன்.

சின்ன வயசு டாக்டர். பிள்ளைகளைப் பெஞ்சில் உட்காரவைத்து, தான் சிமெண்டுத் தரையில் முட்டி போட்டிருந்தார். ஒரு பெண்பிள்ளை வாயைத் திறக்க மாட்டேன் என்று உதட்டை இறுக்கிக்கொண்டது. டாக்டர் டார்ச்சை அவள் கையில் கொடுத்து, "மொதல்ல என் பல்லப் பாரு அம்மணி" என்று தன் வாயைத் திறந்து காட்டினார். பார்த்து முடித்ததும் அவளே வாயைத் திறந்துவிட்டாள். ஒரு வகுப்பையே பார்த்து முடித்தும் அந்தக் குரல் கொஞ்சமும் உயரவில்லை. கடையில் நாலு பேர் சேர்ந்து டீ கேட்டாலே எனக்குக் கோபம் வந்துவிடும்.

என் மகளுக்குப் பின்பல்லில் கருப்பாக ஒரு குழி.

"பால் பல்லுதானுங்க டாக்டரம்மா, விழுந்து மொளைச்சுக்கும். வலிச்சா புடுங்கிப் போட்டுருங்க" என்றேன்.

"பால் பல்லு இல்லீங்க." டார்ச்சை என்னிடம் கொடுத்து என்னையே பார்க்க வைத்தார். "பால் பல்லுக்கெல்லாம் பின்னால, எதுவும் விழாமயே ஆறு வயசுல வர்ற பல்லுங்க இது. அதனாலதான் பெத்தவங்களுக்குத் தெரியறதில்ல. ஆயுசுக்கும் இது ஒண்ணுதான். குழி இன்னும் ஆழமாப் போகல. அடுத்த வாரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, அடைச்சுக் காப்பாத்திப்போடலாம்."

பன்னை நிறுத்தச் சொல்வார் என்று பயந்தேன். குறைக்கச் சொன்னார்; தின்ற பிள்ளைகள் வாய் கொப்பளிக்கக் கடையில் ஒரு குடம் தண்ணீர் வைக்கச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் பல்லை அடைத்தார். மகள் அழவேயில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொண்டுபோயிருந்த ஒரு கிலோ தேன் கேக்கை டப்பாவோடு டாக்டரிடம் நீட்டினேன். சொத்தைப் பல்லோடு வரிசையில் இருந்த அத்தனை பிள்ளைகளும் அதையே பார்த்தார்கள். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தத் தைரியத்தில் கேட்டேன். "மூத்தவளுக்கும் இதே எடத்துலதானுங்க, மூணு வருசம் முன்ன புடுங்கினோம். அது எப்பங்க மொளைக்கும்?"

சிரிப்பு நின்றது. மூத்தவள் வலியில் துடித்தபோது பிடுங்கச் சொன்னவன் நான். பிடுங்கிய கிளினிக்கில் ஏதோ விளக்கினார்கள். கடை அவசரத்தில் காதில் வாங்கவில்லை.

"அது இனி வராதுங்க" என்றார் மெதுவாக. திட்டியிருந்தால் தேவலை. "அவளையும் கூட்டிட்டு வாங்க, மத்த பல்லயாவது பத்திரமாப் பாத்துக்கலாம்" என்று என் தோளைத் தட்டினார்.

தினமும் பல் விளக்கியதும் மூத்தவள் அந்த இடத்தை நாக்கால் தடவிவிட்டு, "இன்னும் வரலீங்கப்பா" என்பாள். "வரும் கண்ணு" என்பேன். அன்று சாயங்காலம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அது வராது, தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

"அப்பறம் ஏனுங்கப்பா வரும்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.