மச்சாள் தெளிய வைத்த வைன்

துணி துவைக்கும் அறையில், சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில், அந்த வெள்ளை வாளி இருந்தது. மூடியில் செருகிய சின்னக் குழாய் வழியாக ‘பொளுக், பொளுக்’ என்று காற்று வெளியேறும். மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, சட்டைகளை மடித்தபடியே அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பார். டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் எங்கள் வீடு அடுத்த தெருவிலேயே இருந்ததால், நான் போகிற நேரமெல்லாம் வாளியின் சுகத்தை விசாரித்துவிட்டுத்தான் தேநீர் குடிக்க உட்காருவேன்.

வாளிக்குள் இருந்தது சம்பந்தியாகப் போகிறவர் கிறிஸ்மஸுக்குக் கொடுத்த வைன் பெட்டிச் சாமான். மச்சாளின் மகள் ஓகூஸ் நகரில் படிக்கும்போது ஒரு டேனிஷ் பையனை விரும்பினாள். பையனின் தகப்பன் வீட்டிலேயே வைன் வடிக்கிறவர். திராட்சைச் சாறு, ஈஸ்ட், கடைசியில் வைனைத் தெளிய வைக்கும் மருந்து என்று எல்லாம் அடங்கிய பெட்டியைத் தந்து, நிச்சயதார்த்தத்தன்று இதைத்தான் குடிக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மச்சாள் அதைத் தனக்கு வைத்த பரீட்சையாகவே எடுத்துக்கொண்டார். சில்க்போர்க்கில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஆண்டுக்கணக்காக வேலை செய்து, அங்கே எல்லோரையும் டேனிஷில் அதட்டுகிற மனுசி, சம்பந்தி தொலைபேசியில் வந்தால் மட்டும் நெருப்பைத் தொட்டதுபோல் அதை மகளிடம் நீட்டிவிடுவார். “என்ர டேனிஷ் குசினிக்குத்தான் காணும். அந்த மனுசனோட கதைக்கக் காணாது,” என்பார்.

பரீட்சையில் மச்சாள் செய்த பிழை, எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை. அடுத்தவர் தந்த பண்டம் எதுவானாலும் அதில் நாங்கள் கை வைக்காவிட்டால் எங்களுக்குப் பத்தியப்படாது, மனம் ஆறாது. கடையில் வாங்கிய பீட்சாவுக்கும் மிளகாய்த்தூள் தூவுகிற கூட்டம்தானே நாங்கள்! சாறு வெறும் புளித்தண்ணீராக இருக்கிறது என்று, தமிழ்க் கடையில் வாங்கிய மாம்பழக் கூழைக் கறுவாவும் ஏலமும் போட்டுக் கொதிக்க வைத்து, ஆற்றி, அப்படியே வாளிக்குள் ஊற்றிவிட்டார். என்னைத் தவிர ஒருவருக்கும் அதைச் சொல்லவில்லை.

வாளிக்குள் நுரைத்துப் பொங்கியது அடங்கியது. தெளிய வைக்கும் மருந்தையும் போட்டார். வைனோ அரிசி கழுவிய தண்ணீர்போலக் கலங்கியே நின்றது. கராஜ் குளிரில் வைத்துப் பார்த்தார். கோப்பி வடிக்கும் தாளில் வடித்துப் பார்த்தார். தாள்தான் கிழிந்தது. மகள் சம்பந்தியிடம் கேட்டாள். இவ்வளவு செய்தும் தெளியாவிட்டால் ஊற்றிவிடலாம், தான் கடையிலிருந்து நல்லதாக வாங்கி வருகிறேன் என்று அவர் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் மச்சாளைச் சுட்டது. “என்ர வீட்டு மேசையில அவர் கொண்டுவந்து வைக்கிறதோ? பிறகு நான் என்னெண்டு அவற்ற முகத்தைப் பாக்கிறது?” என்று கண் கலங்கக் கேட்டார்.

ஒருநாள் மதியம் மச்சாள் வேலையிடத்திலிருந்து என்னை அழைத்தார். அவருக்கு நானும் மச்சாள்தான். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம். “மச்சாள், பிடிச்சிட்டன்! இஞ்ச ஜாம் காய்ச்சிறன். பழத்தைக் கொதிக்க வைக்க, பசை கிளம்பி ஜாம் இறுகுது. அந்த மாம்பழத்தையும் நான் கொதிக்க வைச்சனான்தானே? அதின்ர பசைதான் வைனுக்க நிக்குது. மருந்தில பிழையில்லை.”

ஊகத்தோடு விடுகிற ஆள் இல்லை மச்சாள். இணையத்தில் தேடி, அதைச் சோதிக்கும் வழியையும் கண்டுபிடித்தார். அன்று மாலை ஒரு போத்தலில் கொஞ்சம் வைனை எடுத்து, ஜன்னல் துடைக்கும் ஸ்பிரிட்டை அதைவிடக் கூடுதலாக ஊற்றிக் குலுக்கினார். சற்று நேரத்தில் உள்ளே வழவழவென்று ஜெலிக் கட்டிகள் மிதந்தன. குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்த பொலிஸைப்போல என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் போத்தலை ஒருவரும் வாயில் வைத்துவிடாமல் கழுவி ஊற்றினார்.

சனிக்கிழமை நான் காரோட்ட, இருவருமாக ஓகூஸுக்குப் போனோம். வைன் சாமான் விற்கும் கடையில் பழப்பசையைக் கரைக்கும் என்சைம் பொடி இருந்தது. வைனாகிவிட்ட பிறகு போடுவதென்றால் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, இளஞ்சூட்டில் வைக்க வேண்டும் என்றாள் கடைப் பெண். வீட்டுக்கு வந்ததும் மச்சாள் பொடியை வைனில் கலந்தார். வாளிக்குப் பதில் இப்போது பெரிய கண்ணாடி ஜாடி, கராஜுக்குப் பதில் ஹீட்டருக்குப் பக்கத்து மேசை. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேலிருந்து ஒரு விரற்கடை தெளிந்தது. அது நாளுக்கு நாள் கீழே இறங்கியது. கடைசியில் ஜாடிக்குப் பின்னால் தொங்கிய மாதா படத்தின் முகம் வைனுக்கூடாகத் தெரிந்தபோது, மச்சாள் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். அந்த வயதில் அவர் குதித்து நான் கண்டதே இல்லை.

நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி கிண்ணத்தை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார். பொன்னிறம், ஒரு தூசு இல்லை. ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடி இன்னொரு வாய் குடித்துவிட்டு, இது நான் தந்த வைன் இல்லையே என்றார். சமாளிக்க மகள் வாயெடுத்தாள். மச்சாள் அவள் கையைப் பிடித்து அமர்த்திவிட்டு, தன் குசினி டேனிஷிலேயே நேராகச் சொன்னார்: மாம்பழம் போட்டேன், கலங்கியது, ஏன் என்று கண்டுபிடித்தேன், தெளிய வைத்தேன்.

சம்பந்தி கதிரையை இழுத்துக்கொண்டு மச்சாளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தன் வீட்டு நிலவறையில் பிளம்ஸ் பழ வைன் ஒன்று எத்தனையோ காலமாகத் தெளியாமல் கிடக்கிறதாம். பழத்தைக் கொதிக்க வைத்தீர்களா என்று மச்சாள் கேட்டார். ஓம் என்று தலையாட்டிய அந்த மனுசனின் முகம் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

இப்போது பிள்ளைகள் கலியாணம் முடித்து ஓகூஸில் இருக்கிறார்கள். வைனில் ஏதாவது சந்தேகமென்றால் சம்பந்தி மச்சாளுக்குத்தான் அழைக்கிறார். போன வாரம் நான் மச்சாள் வீட்டில் இருந்தபோதும் அழைப்பு வந்தது. வந்திருந்த மகள் பழக்க தோஷத்தில் தொலைபேசிக்குக் கையை நீட்டினாள்.

“நீ இரு பிள்ளை,” என்றார் மச்சாள். “அவர் என்னோடதான் கதைக்க எடுக்கிறார்.”