எஸ்சீட்: ஆளில்லாத வீடும் பேரில்லாத தங்கையும்

போன வாரம் கிழக்கேகோட்டையில் எங்கள் தெருவுக்கு வில்லேஜ் ஆபீசர் வந்தார். கோடிவீட்டுக் கிட்டா மாமா இறந்துவிட்டார். பெற்றோர் எப்போதோ போய்விட்டார்கள். மனைவி, மக்கள் கிடையாது. வீடு யாருக்கு?

யாருமில்லை என்றால் சர்க்காருக்கு. அதற்குப் பெயர் ‘எஸ்சீட்’. ரெவென்யூவில் இருந்த காலமெல்லாம் என் மேஜையில் கிடந்த சொல். ‘விழுவது’ என்ற லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பிடிக்க ஆளில்லாத சொத்து அரசன் மடியில் விழுமாம்.

“அவகாசிகள் ஆரெங்கிலும் உண்டோ?” — வாரிசு உண்டா என்று மலையாளத்தில் கேட்டார் ஆபீசர்.

“ஆருமில்லை சாரே,” என்றார் எதிர்வீட்டுச் சீதாராமன். தெருவே தலையாட்டியது.

வெயிலில் ஒதுங்கி நின்ற பெண்மணி முன்னால் வந்தாள். “நான் இருக்கேனே. அவர் கூடப்பிறந்த தங்கை.”

யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்ட அன்றே அவளைத் தலைமுழுகிவிட்டார்களாம். அப்புறம் அவள் பெயரை இந்தத் தெருவில் யாரும் எடுப்பதில்லை. அது வழக்கம். ஆனால் தலைமுழுகுவதற்குச் சட்டத்தில் செக்‌ஷன் ஏது? தங்கை வாரிசுதான்... தங்கை என்று நிரூபித்தால்.

அங்கேதான் சிக்கல். பள்ளி சர்ட்டிபிகேட்டில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர். ஆபீசர் உதட்டைப் பிதுக்கினார்.

“இவிடத்தெ ஒராள் அறியுமென்னு பறயணம். இல்லெங்கில் அவகாசி இல்லான்னு ஞான் எழுதும்.” இங்கே ஒருவராவது அவளைத் தெரியும் என்று சொல்ல வேண்டும்; இல்லையென்றால் வாரிசு இல்லை என்று எழுதிவிடுவாராம்.

தெரு தரையைப் பார்த்தது. நானும்தான். ரிட்டயரான பிறகு இங்கே குடிவந்தவன்; அவளை முன்பின் பார்த்ததில்லை. தெரியாததற்குச் சாட்சி சொல்லக் கூடாது என்பது விதி.

ஆபீசர் பேனா மூடியைக் கழற்றினார்.

“சீதாராமண்ணா, என்னைத் தெரியாதா?” என்றாள் அவள்.

“தெரியாது.”

“கணக்குல தோத்துட்டு, அப்பாவுக்குப் பயந்து எங்காத்து மச்சுல ஒளிஞ்சிண்டிருந்தேளே... சோறு கொண்டுவந்து தந்தது ஆரு?”

சீதாராமன் முகம் சிவந்தது. “ஒரு மார்க்குதான் கொறஞ்சுது. அதை ஊர் பூரா சொல்லி நாறடிச்சதும் நீதானேடி. அன்னிக்கும் உனக்கு இதே வாய்தான், அம்மிணி.”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை காலம் யாரும் எடுக்காத பெயர், நட்டநடுத் தெருவில்.

“அப்போ அறியும்,” என்று ஆபீசர் எழுதினார். கையெழுத்துப் போடச் சீதாராமனுக்கு மனமில்லை. போட்டார். வீடு சர்க்கார் மடியில் விழவில்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பழைய இங்கிலாந்தில் எஸ்சீட் சொத்தைப் பிடிக்கப் போன அதிகாரிகள், உரியவர்கள் இருக்கும்போதே பறித்துக்கொண்டார்களாம். அந்தச் சொல்லின் தலை தேய்ந்து பிறந்ததுதான் ‘சீட்’ — ஆம், ‘சீட்டிங்’ என்று நாம் தினமும் சொல்லும் ஏமாற்று.

அதிகாரிகளுக்கு ஒரு சொல் கிடைத்தது. கூட நின்று தலையாட்டிய தெருவுக்குத்தான் அகராதியில் இன்னும் சொல்லில்லை.