ருக்மிணி தட்டச்சு செய்த நான்காம் அத்தியாயம்

ருக்மிணியின் கணவர் தங்கராஜ் மராத்தி பேசும் ஊரில், கட்கியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். 1996இல் மாரடைப்பு வந்து ஒரே நாளில் போய்விட்டார். அன்றோடு ருக்மிணி சாமி கும்பிடுவதை விட்டுவிட்டாள். அதே ஊரில் விஷ்ராந்த்வாடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்யும் வேலை கிடைத்தது.

அவர் போன மூன்றாம் வருட மழைக்காலத்தில் மகள் காவ்யாவுக்குக் காய்ச்சல் கண்டு, பிள்ளை நினைவில்லாமல் துவண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முழங்கால் தண்ணீரில் ரிக்‌ஷா நின்றுபோக, ஓட்டுநர் சலீம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிவரை நடந்தார். வைஷாலி என்ற நர்ஸ் டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பக்கத்திலேயே இருந்தாள். பத்தாம் நாள் காவ்யா எழுந்து உட்கார்ந்து போஹே என்கிற அவல் உப்புமா கேட்டாள். ருக்மிணிக்கு யாரையாவது கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் கடைக்குச் சேவியர் வந்தான். பாளையங்கோட்டைக்காரன். ஜெர்மன் தத்துவவாதிகளிடம் கடவுள் எப்படியெல்லாம் மாறினார் என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். ஆங்கிலத்தில் கையால் எழுதிய ஆய்வேட்டுத் தாள்கட்டைத் தட்டச்சு செய்யக் கொடுத்துவிட்டுப் போனான். வழக்கமாக அவள் விரல்தான் வேலை செய்யும், மனசு வேறெங்கோ இருக்கும். நான்காம் அத்தியாயத்தில், ஒரு பல்கலைக்கழக வாத்தியாரைப் பற்றி வந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. மறுநாள் அவன் வந்ததும் கேட்டாள்.

“தம்பி, இந்த வாத்தியாரை நாத்திகர்னு வேலையை விட்டே தூக்கிட்டாங்களா?”

“ஆமாக்கா. கடவுளை அறிவால நிரூபிக்க முடியாதுன்னு முன்னாடி ஒருத்தர் சொல்லிருந்தார். இவர் இன்னும் மேல போயிட்டார். எங்கயோ உக்காந்து வரம் குடுக்கற ஆள் இல்ல கடவுள், மனுஷங்க நல்லது செய்யும்போது உலகத்துல ஒரு ஒழுங்கு நடக்குதுல்லா, அதுதான் கடவுள்னார்.”

“கடைசி வரைக்கும் அப்படியேதான் சொன்னாரா?”

“இல்லக்கா. பின்னால அவரே கொஞ்சம் மாத்திக்கிட்டார். அடுத்து வந்தவரோ, மனுஷ வரலாறு வழியாத்தான் கடவுள் தன்னையே தெரிஞ்சுக்கிடுதார்னார்.”

“அவ்ளோ படிச்சவங்களே மாத்திக்கிட்டாங்களா,” என்றாள் ருக்மிணி. சாமியை விட்டுவிட்டோமே என்று மூன்று வருடமாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது லேசானது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காவ்யாவைக் கூட்டிக்கொண்டு ரிக்‌ஷா ஸ்டாண்டுக்குப் போனாள். சலீம் கூச்சப்பட்டு, “அரே பெஹன், அந்த மழையில யாரா இருந்தாலும் தூக்கியிருப்பாங்க” என்று இந்தியில் சொல்லி, காவ்யாவின் தலையைத் தடவினார். ஆஸ்பத்திரியில் வைஷாலிக்குக் குழந்தையை அடையாளமே தெரியவில்லை. அவள் பார்த்த பிள்ளைகள் எத்தனையோ. ஆனாலும் ருக்மிணி நின்று, தனக்குத் தெரிந்த அரைகுறை மராத்தியில் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்துக் கைகூப்பினாள். வைஷாலி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

2004இல் வைஷாலி நாசிக்குக்கு மாற்றலாகிப் போனபோது, சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் வழியனுப்ப நின்றவர்களில் ருக்மிணியும் காவ்யாவும் இருந்தார்கள்.